மேல்வரிசை, இடது ஒன்று

பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
நெரிஸுக்குப் பல் வந்ததில்
சொல் போயிருந்தது.

கிடா முட்டி விழுந்த முன்பல்.
ஆறு வருடம் அந்தச் சந்தின் வழியேதான்
அடிபட்ட முயலாய்க் கீச்சிட்டு
நரிகளை வேலியோரம் வரவழைத்தாள்.
பிறகு, தங்கையின் கல்யாணப் படத்துக்காக
பில்த் வெல்ஸில் என் நாற்காலியில் சாய்ந்து
சந்தை அடைத்துக்கொண்டாள்.
அடைத்தவன் நான்.
குறிப்பேட்டில் எழுதினேன்: கடி சரி, பேச்சு சரி.

மறுமாதம் வாசலில் நின்றாள்.
"வந்து கேளுங்கள் டாக்டர்,
என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று."

ஆகவே, மார்ச் மாதத்து ராத்திரி பதினொன்றரைக்கு
ஒரு பல் மருத்துவன்
கடன் வாங்கிய பூட்ஸில்
பிக்கப் வண்டியின் பின்புறம்.
கீழே ஈன்ற ஆடுகள்.
அந்த வாரம் மட்டும் ஐந்து குட்டிகள் போயிருந்தன.
ஒன்றுக்கு நாக்கு இல்லை.

முதலில் எம்ரிஸின் பெட்டி.
அறுபது அடி தள்ளி வைத்துவிட்டு
இங்கிருந்தே பொத்தானை அழுத்தலாம்.
எழுபத்திரண்டு சாவுகள் அதற்குள்.
பதினான்காம் எண்ணை அழுத்தினான் எம்ரிஸ்.
மலைச்சரிவு முழுக்க ஒரு முயல் அலறியது,
எனக்குப் பிடரி சிலிர்த்தது.
நாற்பது விநாடி.
பிறகு அதே முயல்,
அதே இடத்தில் அதே விக்கல்.
நான்காம் தடவை
விக்கலுக்கு முன்பே தலையாட்டத் தொடங்கியிருந்தேன்.

வெப்பக்கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி.
நரிதான். மேட்டில் உட்கார்ந்திருந்தது.
இன்னுமா சாகவில்லை நீ என்பதுபோல்
காதைச் சொறிந்துகொண்டது.
"பிப்ரவரியில் இதே எண்ணுக்கு வந்தது,
குறி தப்பிவிட்டேன்" என்றான் எம்ரிஸ்.
"படித்துவிட்டது."

நெரிஸ் கையுறையைக் கழற்றினாள்.
புறங்கையை உதட்டில் அழுத்தினாள்.
காற்று வந்தது.
வெறும் காற்று, அப்புறம் ஒரு சீழ்க்கை,
டாக்ஸி கூப்பிடுகிற மாதிரி.
என் பக்கம் திரும்பினாள்.
இருட்டில் முகம் தெரியாது.
தெரிந்தது.

உதட்டைக் கோணினாள், நாக்கை ஒதுக்கினாள்,
கடைவாயில் தேடினாள்.
கீச்சென்று ஏதோ. உடைந்தது. மறுபடி,
கொஞ்சம் நீளமாக, நடுவில் பிசிறு தட்டி.
எச்சில் வறண்டு நின்றுபோனது.
விழுங்கினாள்;
அந்த விழுங்கல் எனக்குக் கேட்டது.
முயல் செத்துவிட்டதோ,
வேறு எவனாவது தூக்கிக்கொண்டு போகிறானோ,
அந்த இடைவெளியில் என்னதான் தோன்றியதோ,
நரி எழுந்தது.
நேராக வந்தது. ஓட்டமாய்.

எம்ரிஸ் சுட்டான்.
கண்ணாடியில் வெள்ளை மெல்லச் சாம்பலாகும் என்றார்கள்.
நான் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இதிலும் இடைவெளி விடலாம்,
மூன்று வகை இருக்கிறது" என்றான் அவன்,
இறங்கும் வழியில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.
நெரிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
நாக்கால் என் பல்லைத்
தடவிக்கொண்டே வந்தாள்.

திங்கள்கிழமை.
ஓரத்தில் கால் மில்லிமீட்டர் அரைத்தேன்.
"ஊதுங்கள்."
இல்லை.
இன்னும் ஒரு இழை.
"ஊதுங்கள்."
கதவுக்கு அப்பால், காத்திருப்போர் அறையில்,
திருமதி பெவனின் காலடியில் தூங்கிய கிழட்டு நாய்
எழுந்து நின்றது கேட்டது:
தரைவிரிப்பில்லாத தரையில்
நான்கு கால் நகங்கள்.