கால்கம்பி

ஆட்டுக்குட்டியும் நங்கூரமும்.
யார் வைத்த பெயரோ. பலகையில் அந்தக் குட்டி
நங்கூரத்தை மேய்ந்து பார்க்கலாமா என்று நிற்கிறது.
பலகை பாதுகாக்கப்பட்டது, இரண்டாம் தரம்.
இறக்கக் கூடாது, மறுபூச்சு கூடாது,
கழுவ வேண்டுமானாலும் என்னைக் கேட்க வேண்டும்.

ஸ்கெல்பி நகரசபையில் நான் பழங்கட்டடப் பிரிவு.
பிரிவு என்றால் நானும் ஒரு பிரின்ட்டரும்.

மழை சாய்ந்து பெய்த ஒரு செவ்வாயன்று
ஈரமானியோடு போனேன்.
ஆறு குடியிருப்பு, இரண்டு அலுவலகம்:
பில்லியர்ட்ஸ் மேசையில் வரைபடத்தை விரித்தார்
ஒப்பந்தக்காரர் லார்க்கன் ப்ரிட்மோர்.
"கவுன்ட்டரை எடுத்துவிட்டால்
இங்கே படுக்கையறை ஒன்று தாராளமாக விழும்."
விழும்.
ஆனால் கவுன்ட்டர் மஹோகனி, பதினேழடி,
ஆணி ஒன்றுகூட அடிக்காமல் இழைத்தது.
முடியாது என்றேன்.
கல்லில் நார் உரித்துப் பழகியவர்போல் சிரித்தார்.

பிறகு நாள் முழுக்கப் பேரம்.
கண்ணாடியில் செதுக்கிய திராட்சைக்கொடி: இருக்கட்டும்.
கம்பளம்: போகட்டும், அதற்கே போக ஆசை.
ஆண்கள் கழிப்பறையின் பீங்கான் தொட்டிகள் மூன்று,
நீலப்பூ போட்டவை: இருந்தே ஆகவேண்டும்.
(கணக்காயர் நிறுவனம் ஒன்று வருகிறதாம் அந்தப் பக்கம்.
ஆலோசனைக் கூடத்தில் மூன்று தொட்டிகள்.
எழுதிக் கொடுத்த நானே பேருந்தில் சிரித்தேன்.)

டார்ட்ஸ் பலகை மாட்டிய இடத்தைச் சுற்றி
சுவரெல்லாம் துளை,
குறி தவறியவை அத்தனையும்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
சாந்து என்று எழுதினேன். நிலை: சேதம்.
அடைக்க வேண்டாம் என்று எழுதக் கை போனது.
காரணம் கேட்பார்கள்.
அடைக்கட்டும்.

நாற்றத்தையும் பட்டியலில் சேர்க்க முடியாது.
ஊறிய மரம், அணைந்த கரி, எப்போதோ நனைந்த நாய்.
நூறு வருஷத்து பியர் சிந்திச் சிந்தித்
தரையே கிறங்கிக்
கிழக்கே இரண்டு அங்குலம் சாய்ந்திருக்கிறது.
பொறியாளர் வேறு காரணம் சொல்கிறார்.

கவுன்ட்டரின் அடியில் பித்தளைக் கால்கம்பி.
பதினேழடியும் ஒரே தடிமன்,
இடது ஓரத்திலிருந்து நாலாவது அடி தவிர.
அங்கே சப்பிய மிட்டாய்போல் இளைத்திருந்தது.
அளந்தேன். மூன்று மில்லிமீட்டர் குறைவு.
யார் என்று கேட்டேன். லார்க்கனுக்குத் தெரியாது,
அவருக்கு ஊர் லீட்ஸ்.

மார்ச்சில் மாதிரி வீடு திறந்தார்கள். எண் இரண்டு.
கவுன்ட்டர் இப்போது சமையல்மேடை,
பியர் இறங்கிய இடத்தில் கொதிநீர்க் குழாய்.
விலையைப் பற்றி நான் பேசக் கூடாது.

கூட்டத்தில் ஒருத்தி மழைக்கோட்டைக் கழற்றாமல்
நேரே உள்பக்கம் போய் நின்றாள்.
கிளெனிஸ் டாட்டர்சல். இருபத்தாறு வருஷம் இங்கே ஊற்றியவள்.
கை தானாக இடுப்புயரத்தில் எதையோ பற்றி இழுத்தது,
வெறுங்காற்றை.
டை இறுக்கிய விற்பனைப் பையன் கேட்டான்:
"ஏதாவது குடிக்கிறீர்களா, மேடம்?"
எலுமிச்சைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு
"அந்தப் பக்கம் வந்து குடிக்கிறேன்" என்று
சுற்றி வந்தாள்.

நாலாவது அடியைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தாள்.
"அட, ஒஸ்வின் ஹெப்பிள். ரயில்வே கேட்காரன்.
ஒரு கால் இரும்பு.
பேச வாயெடுக்கும்போதெல்லாம்
அதைக் கம்பியில் ஏற்றித் தேய்ப்பான்."
என்ன பேசினார்?
"பேசவே இல்லை."
தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.
பாதிகூடக் குடிக்கவில்லை.

திரும்பி வந்து படிவத்தைத் திறந்தேன்.
இனம் பதினொன்று: பித்தளைக் கம்பி.
குறிப்பு என்ற கட்டத்தில் எண்பது எழுத்துக்கே இடம்.
எழுதினேன்: மெருகேற்றக் கூடாது. தேய்மானம் அசல்.

ஜூனில் குடிவந்தவர்கள்
அதில் ஈரத்துண்டு காயப்போடுகிறார்களாம்.
அதற்கு அனுமதி தேவையில்லை.