மும்முனை

நாங்கள் மூன்று பேர் மிச்சம்.
எதிரில் ஒருவன், பாலத்தடியில்.
மூச்சடக்கிக் குறி வைக்கிறேன்,
திரை கறுக்கிறது.

விசிறிகள் ஓய்ந்த பிறகு பல்லிச் சத்தம் கேட்கிறது.
இவ்வளவு நேரமும் அது இங்கேதான் இருந்திருக்கிறது.

மறுபடி உயிர்ப்பித்தால் பதிவேட்டில் ஒரே வரி:
எதிர்பாராத நிறுத்தம். எண் நாற்பத்தொன்று.
ஏன் என்று அதற்கும் தெரியாது.
செத்தவனே எழுதும் பிரேதப் பரிசோதனை
வேறெப்படி இருக்கும்.

ஜொகூரிலிருந்து ஆடும் அன்பரசு சொல்கிறான்:
தோற்கிற நேரம் பார்த்து ஒயரைப் பிடுங்குகிறாள்,
ராயக்கோட்டைக்காரி.

தக்காளி மண்டியில் சீட்டு எழுதிச் சேர்த்த
பதினோரு மாதச் சம்பளம் இந்தப் பெட்டி.
பக்கத் தகட்டைக் கழற்றினால்
ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் செம்மண்,
நடுவில் ஒரு தக்காளி விதை, சத்தியமாக.
பழைய பேஸ்ட் சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
புதியதைப் பட்டாணி அளவு வைத்தேன்.
தொண்ணூற்றாறு டிகிரி எழுபத்தொன்றுக்கு இறங்கியது.
அன்றிரவும் செத்தது.

ராம் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகினேன்.
கடைசியில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு
கிருஷ்ணகிரிக்கு, இம்தியாஸ் அண்ணன் கடைக்கு.
அங்கே ஆறு மணி நேரம் ஓடியது,
ஒரு இருமல்கூட இல்லை.
டாக்டர் முன்னால் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி.
'பெட்டிக்கு ஒண்ணுமில்ல பாப்பா,
வீட்டுல கரண்டு எப்படி?'

அதன் பிறகுதான் நேரம் குறித்தேன்,
மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில்.
செவ்வாய் 11.02. புதன் 11.02.
வியாழன் ஒன்றுமில்லை.
வெள்ளி 11.02.
வியாழன் மழை.

சனிக்கிழமை மல்டிமீட்டரைப் பிளக்கில் செருகிக்கொண்டு
விளையாடாமல் உட்கார்ந்திருந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதினொன்று.
திடீரென்று நூற்று முப்பத்தெட்டு.
ஜன்னலுக்கு வெளியே
காடு மொத்தமும் ஒரே குரலில் உறுமியது.

பதினொரு மணிக்கு மும்முனை வருகிறது.
இரண்டு நிமிடம் பொறுத்து
எங்கள் டிரான்ஸ்பார்மரின் ஏழு மோட்டாரும்
ஒன்றாக எழுந்திருக்கின்றன.
ஏழு ஆட்டோ ஸ்டார்ட்டர். கடையில் வைத்து விற்ற அந்த
இரண்டு நிமிடத்தை யாரும் தொடவில்லை.

ஏழில் ஒன்றை மாட்டியது நான்.
பீன்ஸ் கொடிக்குள் கட்டுவிரியனைப் பார்த்த மறுநாள்,
அம்மா இருட்டில் போக வேண்டாமென்று.

அன்பரசு சொன்னது சரிதான்.
ஒயரைப் பிடுங்கியது நான்தான்.

யூ.பி.எஸ். வாங்கேன் என்கிறான்.
தக்காளி கிலோ ஆறு ரூபாய் போகிற வாரத்தில்.

ஞாயிறு காலை சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு வரப்பேறினேன்.
எங்களுடையதை நாலில் வைத்தேன்.
முனிவெங்கடப்பாவுடையது ஆறு, சாக்கம்மாளுடையது எட்டு.
பசவராஜிடம் காயில் எரியாது என்றேன்,
அது பொய்யுமில்லை.
திம்மராயன் மட்டும் ஷெட் கதவை மறித்து நின்றார்:
'உன் பொம்மைச் சண்டைக்கு
என் தோட்டம் காத்துக் கிடக்கணுமா?'
விட்டுவிட்டேன்.
யாராவது ஒருவர் இரண்டில் இருந்துதானே ஆக வேண்டும்.

திங்கள். அதே பாலம்.
ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டேன்.
இரண்டு: திம்மராயன். டியூப்லைட் கண் சிமிட்டுகிறது.
நாலு: நாங்கள். குழாய் இருமிவிட்டுத் துப்புகிறது.
ஆறு.
எட்டு: சாக்கம்மாள், முனகலோடு.
'சுடு, சுடு' என்கிறான் அன்பரசு.
பத்து கேட்கட்டும் என்றிருக்கிறேன்.
பாலத்தடியில் இருந்தவன் எழுந்து
நிதானமாக நடந்து வந்து
என்னைச் சுடுகிறான்.

விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பத்து.