வாலடிச் செக்கு

பகலெல்லாம் தட்டுக் கழுவுகிற கை
மாலையில் ஒரு கடல்வாத்தைக் கழுவுகிறது.
அதே நீல சோப்புத்தான்.
ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்து உணவகத்தில்
வெண்ணெய்ப் பிசுக்கையும் சிங்கிறால் வாடையையும் போக்குவது,
இங்கே ஈஸ்டர்ன் பாசேஜில்
யாருடையதோ ஒரு படகுக் கொட்டகைக்குள்
கறுப்பை இறக்குகிறது.

போன செவ்வாய் இரவு
ஒரு வீட்டின் உலை எண்ணெய்த் தொட்டி கசிந்து
ஓடை வழியே கடலுக்குப் போனதாம்.
பெரிய செய்தி இல்லை.
பனிப்பொழிவுக்கு அடுத்த வரியில் வானொலி சொன்னது.
பதினோரு ஈடர் வாத்துகள் கரையேறின.
கடல்வாத்து தானாகக் கரையேறினால்
அதற்கு வேறு வழியில்லை என்று பொருள்
என்றாள் கோலீன்.

அவள் பிடிக்க, நான் தேய்க்க.
கண்ணோரத்துக்குப் பஞ்சுக் குச்சி.
கழுத்துக்கு டூத்பிரஷ், குழந்தைகளுடையது,
பிடியில் ஒரு டைனோசர்.
முதல் தொட்டி கறுத்தது. இரண்டாவதும்.
ஆறாவது தொட்டியில்தான்
என் விரல்கள் எனக்கே தெரிந்தன.

"வாலடியில் மட்டும் அழுத்தாதே."
இறகை விலக்கிக் காட்டினாள்.
ஒரு சின்னக் குமிழ்.
நுனியில் ஈர மயிர்க்கொத்து,
தோய்த்தபின் எழுத மறந்த தூரிகை போல.
அதுதான் இவளுடைய செக்கு.
மாடில்லை, உலக்கையில்லை,
குடம் நிறைய வேண்டியதும் இல்லை.
அலகு நுனி பளபளக்கும் அளவுக்கு
ஊறினால் போதும்.

ஒரே சொல்லை
எத்தனைக்கு வைத்திருக்கிறோம்.
கொல்ல வந்ததும் எண்ணெய்.
காக்க ஊறுவதும் எண்ணெய்.
எள்ளில் பிறந்த சொல், பாவம்,
இவ்வளவு தூரம் அலைய வேண்டிவரும் என்று
நினைத்திருக்காது.

எண்ணெய் பூசிக்கொண்டு புரண்டாலும்
ஒட்டுவதுதான் ஒட்டும் என்கிறது பழமொழி.
சொன்னவர் உலை எண்ணெயைப் பார்த்ததில்லை.
அது எல்லாவற்றிலும் ஒட்டும்.
என் சட்டைப் பொத்தானின்
நான்கு துளைகளிலும் இருக்கிறது.

மறுநாள் குளத்தொட்டியில் விட்டோம்.
மிதந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தாள்,
சாமான் ஏறிய தோணி மாதிரி.
தூக்கினால் வயிறு நனைந்து நடுங்கியது.
இவ்வளவு கழுவியும்.
"கழுவியதால்தான்," என்றாள் கோலீன்.
"நாம் எடுக்கத்தான் முடியும்.
பூசிவிட நம்மிடம் ஒன்றும் இல்லை."

பிறகு விளக்கினாள், துண்டால் துடைத்தபடியே.
எண்ணெய் மட்டும் போதாதாம்.
இறகின் ஒவ்வோர் இழையிலும்
கண்ணுக்கெட்டாத கொக்கிகள்.
அவற்றை இவளே கோத்தாக வேண்டும்.
எண்ணெய் இழையை முறியாமல் வைத்திருக்கும்.
தண்ணீரை நிறுத்துவது அந்தக் கோப்பு.

தாமரை இலை என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
இலைக்கு அது வாய்த்த குணம்.
இவள் நாள் முழுக்க உழைக்கிறாள்
ஒட்டாமல் இருக்க.

கழுத்தை முழுசாகத் திருப்புகிறாள்.
அலகு குமிழைத் தேடுகிறது, தடவுகிறது.
கன்னத்தை அதில் தேய்த்துக்கொண்டு
அந்தக் கன்னத்தை முதுகில் தேய்க்கிறாள்.
அலகெட்டாத தலைக்குத் தோள்தான் வழி.
ஒரு இறகு. அடுத்தது.
அதே இறகு, மறுபடியும், திருப்தி இல்லாமல்.
நான் வேலைக்குப் போய்
நானூறு தட்டுகள் கழுவித் திரும்பினேன்.
இன்னும் இடது சிறகுதான்.

என் விரல் கணுக்கள் வெடித்திருந்தன.
வாஸ்லின் டப்பாவைத் திறந்து தடவிக்கொண்டு
அவளருகே உட்கார்ந்தேன்.
இருவரும் அவரவர் வேலையில்.

ஐந்தாம் நாள்.
பதினொன்றில் ஏழு மிச்சம்.
இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தவளைத் தூக்கி
நெஞ்சிறகுக்குள் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னாள் கோலீன்.
மேலே துளிகள் உருண்டு ஓடின.
உள்ளே, அடியில், பஞ்சுக்குள்,
உலர்ந்திருந்தது.
சுட்டது கூட.
ஜனவரி முழுவதற்கும் நடுவே
ஒரு விரற்கடை வெயில்.

எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தேன்.
கடித்தாள், நன்றாகவே.
"கடித்தால் நாளை கடலுக்கு," என்று
நோட்டில் குறித்துக்கொண்டாள் கோலீன்.