இடது கட்டைவிரல்

பன்னிரண்டு பேர் குழு.
செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
கண்ணகி நகரில் எங்கள் பிளாக் மாடிப்படிக்குக் கீழே
பாய் விரித்து நோட்டைத் திறப்பேன்.
முதல் வருடம் பன்னிரண்டு பேரும் வந்தார்கள்.
பொற்கொடி சுண்டல்கூடக் கொண்டுவருவாள்.

அப்புறம் டெய்சிராணி மகனுக்கு டெங்கு.
"இந்த ஒரு தவணை மட்டும்க்கா" என்றாள்.
கட்டினேன்.
துரைப்பாக்கம் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் காண்டிராக்ட் மாறி
ஷம்ஷாத்தின் இரண்டு மாதச் சம்பளம் காற்றோடு போனது.
அவள் கேட்கவில்லை.
கேட்குமுன் நானே கட்டினேன்.
வாய்விட்டுக் கேட்க வைப்பது தலைவிக்கு அழகா
என்று அப்போது நினைத்தேன்.

ஒருத்தி தவறினால் பன்னிரண்டு பேருக்கும் அடுத்த கடன் நிற்கும்.
கம்மல் போனது. ஓட்டை தூராமலிருக்க
காதில் ஈர்க்குச்சி.
சாயங்காலத்துக்கு இன்னும் இரண்டு வீடு,
பாத்திரமும் துணியும்.

நோட்டில் காலிக் கட்டம் இருக்கக்கூடாது.
ஆகவே கையெழுத்தும் கற்றேன்.
பொற்கொடியின் சரிந்து விழும் கொம்பு,
டெய்சிராணி அடியில் இழுத்துவிடும் கோடு,
எப்போதும் காலை மறந்துவிடும் ஷம்ஷத்.
குப்பம்மாவுக்குக் கையெழுத்து கிடையாது.
அவளுக்கு என் இடது கட்டைவிரலைக் கொடுத்தேன்.

பேங்க் ஷீல்டு கொடுத்தது.
நூறு சதவீதம் திருப்பிச் செலுத்திய குழு,
எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்றார் மானேஜர்.
நான் எழுந்து நின்றேன்.
ஷீல்டை டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
காலேஜ் ஃபீஸுக்கு மூன்றாவது நோட்டீஸ் வந்த அன்று
மகள் அதைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"இத வச்சா சேட்டு எவ்ளோம்மா குடுப்பாரு?"

பாய் வாரவாரம் பெரிதாகிக்கொண்டே போனது.
யாரும் என்னை ஏமாற்றவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.
அக்கா பார்த்துக்குவா என்று
சொல்லிச் சொல்லிப் பழக்கியவள் நான்.

ஐப்பசி மழையில் குப்பம்மா வந்தாள்,
மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு.
முந்தானை முடிச்சிலிருந்து நனைந்த ரூபாய்கள்.
"ஆறு மாசம் பாக்கி. ஒண்ணா கட்டிடறேன். நோட்ட எடு."
"அதெல்லாம் கட்டியாச்சு, நீ உக்காரு" என்றேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.

படிக்கத் தெரியாது அவளுக்கு.
செதில் ஒட்டிய விரலைக் கட்டங்களின்மேல் இறக்கிக்கொண்டே வந்தாள்.
நின்றாள்.
"இது யாரு விரலு?"

அருவாமனை கிழித்த தழும்பு அவள் கட்டைவிரலில்,
குறுக்கே, நகம் வரைக்கும்.
நோட்டில் ஆறு ரேகைகள்.
ஆறும் வழவழவென்று.

"புருசன் போனப்பவும் கடன்ல நின்னேன்.
பட்டினப்பாக்கத்துலேர்ந்து லாரில ஏத்தி
இங்க கொண்டாந்து எறக்கினப்பவும் கடன்ல நின்னேன்.
எவ கைலயும் ஓசி வாங்கல.
நீ எந்நேரமும் எங்கள இடுப்புல தூக்கி வச்சிருந்தா
எங்க காலு எதுக்கு?
கடன்காரியா இருக்கக்கூட
வுடமாட்டியா என்னை?"

மை டப்பாவைக் கேட்டாள்.
என் ரேகைகளின்மேல் தன் விரலை அழுத்தினாள்,
ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்.
போகும்போது கூடையைத் திறந்தாள்.
"ரெண்டு வவ்வா மீந்திருக்கு, கொழம்பு வை.
நூத்தியம்பது குடு."

இந்தச் செவ்வாய் ஐந்து பேர்.
ஏழு கட்டம் காலி.
பேங்க் நம்பர் இரண்டு தடவை அடித்து ஓய்ந்துவிட்டது.
ஷம்ஷாத்தின் கையெழுத்து விரல்நுனியில் அரிக்கிறது.
பேனாவைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
படியில் செருப்புச் சத்தம்.
யாரோ இறங்கி வருகிறார்கள்,
இல்லை, ஏறிப் போகிறார்கள்.