ஏழாவது இடம்

விமான நிலையத்தின் பின்வளவில்
எங்கள் டாக்சிகள் வரிசையில் நிற்கும்.
மிசிசாகாவில் மாசி மாதம்.
முறை வர மூன்று மணித்தியாலம்.
அதுவரை கடதாசி விளையாடுவோம்,
சீற்றைச் சரித்து நித்திரை கொள்வோம்,
கோப்பிக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக்
குளிரைத் திட்டுவோம்.

நிரோஜினி என்றொரு தாதி வந்தாள்.
ஆறு செவ்வாய்க்கிழமை.
அதற்கு மட்டுந்தான் காசு ஒதுக்கினார்களாம்.
முதல் நாளே கேட்டாள்:
"கடைசியா எப்ப உங்கட உள்ளங்காலைப் பாத்தனீங்கள்?"
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
பதினேழு வருடமாய் நான் பார்ப்பது
முன்னால் கிடக்கும் வீதியை.

சலரோகம் நரம்பைத் தின்னும்போது
சத்தம் கேட்காது என்றாள்.
நோவு ஒரு காவல்நாய்.
அது குரைக்காத வீட்டைத்தான்
அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு நூலை எடுத்தாள்.
தங்கூசி மாதிரி, ஒரு விரல் நீளம்.
வளையும்வரை அழுத்து, எடு.
ஒரு காலுக்குப் பத்து இடம்.
கண்ணை மூடியிருப்பவர்
பட்டால் சொல்ல வேண்டும்.

சப்பாத்தைக் கழற்றத்தான் வெட்கம்.
என் காலுறையில் பெருவிரல் வெளியே நின்றது.
தவயோகன் "ஓம்" என்றான்.
ஜஸ்விந்தர் "ஹாஞ்சி" என்றார்.
அப்திரசாக் "ஹா" என்றார்,
சோமாலியிலும் அது அவ்வளவு சின்னச் சொல்தான்.

"இடைக்கிடை தொடாமலும் இருங்கோ" என்றாள்.
"தொடாத இடத்துக்கும் ஓம் வந்தா
அதையும் எழுதுங்கோ."

ஆறு கிழமை முடிந்தது.
நூல்களையும் ஒரு கொப்பியையும் விட்டுப் போனாள்.
நாங்கள் விடவில்லை.
செவ்வாய் என்றால் பின்கதவைத் திறந்து
ஒருவர் காலை ஒருவர் மடியில் வைப்போம்.
காவலாளி ஒருநாள் டோர்ச் அடித்துப் பார்த்தான்.
என்ன எழுதினானோ, போய்விட்டான்.

குணரத்தினத்துக்கு எல்லாம் ஓம்.
நான் அழுத்தினேன், ஓம்.
அழுத்தினேன், ஓம்.
கையை எடுத்துச் சும்மா இருந்தேன்.
ஓம் என்றார்.
தாளம் பிடித்திருக்கிறார் மனுசன்!

காலைத் திருப்பினேன்.
குதியில் ஒரு சிறு ஆணித் தலை.
சுற்றிவரக் கறுத்திருந்தது.
"எப்ப ஏறினது?"
"என்ன ஏறினது?" என்றார்.

எனக்கு முன்னால் நாலே நாலு கார்.
வரிசையை விட்டு வெளியே எடுத்தேன்.
ஆஸ்பத்திரிவரைக்கும் அவர்
மீற்றரைப் போடச் சொல்லிச் சண்டை.

இரண்டு கிழமை படுத்திருந்தார்.
குதியில் சதை கொஞ்சம் வெட்டினார்கள்.
கால் இருக்கிறது.

இன்று வந்து கொப்பியைப் பறித்துக்கொண்டார்.
"உன்ர காலைக் கொண்டா."
கண்ணை மூடுகிறேன்.
வெளியே விமானம் ஒன்று இறங்குகிற இரைச்சல்.
ஓம்.
ஓம்.
ஆறாவது, ஓம்.

ஏழாவதுக்காகக் காத்திருக்கிறேன்.
பகிடிக்குத் தொடாமல் இருக்கிறாரா,
தொட்டுவிட்டாரா?