மொழிமூலம்

எட்டரை பஸ்ஸில் கிண்ணியாவிலிருந்து வந்தவர்
பத்து மணிக்கு என் மேசைக்கு முன்னால்.
பெயர் ஜௌபர். வயது நாற்பத்தொன்று.
தம்மாம் துறைமுகத்தில் ஒன்பது வருஷம்
கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டியவர்.
இப்போது மோல்டாவில் கேட்கிறார்களாம்:
சேர்ட்டிபிக்கேற் இருக்கா?

அதைக் கொடுக்கிற கந்தோர் இது.
ஜன்னலைத் திறந்தால் உட்துறைமுகம்,
கோதுமை இறக்கும் கப்பல்.
காற்றில் கடதாசி பறக்கும் என்று
பூட்டியே வைத்திருக்கிறோம்.

பயிற்சி பெற்ற நிறுவனம்?
சிரித்தார்.
முதல் மாதம் ரொமுலோ என்றொரு பிலிப்பினோ.
பிறகு வெயில்.
பிறகு, அறுந்த வயர்க்கயிறு ஒன்று.
எழுதப் புள்ளிக்கோடு ஒன்றரை அங்குலம்.

கற்ற மொழிமூலம்?
சிங்களம் / தமிழ் / ஆங்கிலம்.
பொருத்தமற்றதை வெட்டிவிடுக.
மூன்றையும் வெட்டினார்.
பேனையை வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

சுட்டுவிரல் மேலே, சின்ன வட்டம்: தூக்கு.
விரல் கீழே: இறக்கு.
சொல்கிற கைக்கு முன்னால்
மற்றக் கை அசையாமல் நின்றால்
மெதுவா, மெதுவா.
"மேலே கண்ணாடிக் கூட்டுக்குள்ள
நேபாளி இருந்தாலும் விளங்கும், வங்காளி இருந்தாலும் விளங்கும்.
இருபது தொன் இரும்பு, மிஸ்.
ஒருத்தர்ட தலையிலயும் விழல்ல."

தேத்தண்ணி கொண்டுவந்த சிவபாதம்
தட்டோடு நின்றுவிட்டார்.

எனக்குத் தங்கை நினைவு.
பதினொரு வருஷம் இரசாயனவியல் படிப்பித்தவள்
ஸ்காபரோவில் பெட்டி மடிக்கிறாள்.
அவளிடம் எல்லாக் கடதாசியும் இருக்கிறது,
பிளாஸ்ரிக் உறையில்,
முத்திரைக்குமேல் முத்திரை.
அங்கே யாரும் உறையைத் திறக்கவில்லை.

ஓரத்தில் 'கை' என்று எழுதி அனுப்பினேன்.
கொழும்பிலிருந்து திரும்பி வந்தது:
விடை முழுமையற்றது.
மறுபடி அனுப்பினேன். நேரில் செய்துகாட்டலாமாம்,
மதிப்பீட்டாளர் வருவாராம்.
கிரேன்?
அதை விண்ணப்பதாரியே ஒழுங்குசெய்ய வேண்டும்.

நான்கு செவ்வாய்க்கிழமைகள் வந்துவிட்டார் ஜௌபர்.
இருங்கோ என்றால் இருக்க மாட்டார்.
வயிற்றுக்கு முன்னால் இரண்டு கையையும் கோர்த்தபடி
நின்றுகொண்டே இருப்பார்.
மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இன்று கோப்போடு சைகைப் படங்களும் வந்தன.
பதினேழாவது படத்தில்
தொப்பி போட்ட ஒரு மனிதன்,
வயிற்றுக்கு முன்னால் கோர்த்த கைகள்.
கீழே ஒரு வரி:

எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து.