வலது காது

வியாழன் இரவு பன்னிரண்டு அடித்தால்
எங்கெங்கோ இருப்பவர்கள்
செய்துவைத்த பாட்டை வெளியே விடுகிறார்கள்.
எனக்கு அது
அட்டியின் உச்சியில்தான் வந்து சேரும்.
கீழே, தராசுக்குப் பக்கத்தில், சிக்னல் ஒரு கோடு.
பதினாறு சிப்ப உயரத்தில் மூன்று.

கொரடாச்சேரிக்குத் தெற்கே
வெண்ணாற்றங்கரையில் எங்கள் கொள்முதல் நிலையம்.
நான் பட்டியல் எழுத்தர், சீசனுக்கு மட்டும்.
பகலெல்லாம் பதினேழு என்ற எண்ணோடு மல்லுக்கட்டு.
ஈரம் அதைத் தாண்டினால்
"காயவச்சுக் கொண்டாங்க" என்று சொல்லி
வாங்கிக் கட்டிக்கொள்வேன்.
ராத்திரி லாரி வரும்வரை
மூட்டைக்குக் காவல் பக்கிரிசாமி அண்ணன்.
அவர் தூங்குவார். நான் தார்ப்பாயில் மல்லாந்து
புதுசு தேடுவேன்.

கெட்டில் கொதிக்கும் சத்தத்தைத் தாளமாக்கிய ஒருத்தி.
பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுவாரோ என்று
போர்வைக்குள் பாடுகிற ஒருவன்.
லிஃப்ட் கதவு, பழைய வீடியோ கேம், மழை,
எதையும் விட்டுவைக்காத பிள்ளைகள்.
பத்தில் ஏழைத் தள்ளிவிடுவேன்.
குத்தூசி போட்டு உருவிய நெல் மாதிரி
இருபது நொடி போதும்,
ஒரு பிடியில் மூட்டை முழுக்கத் தெரிந்துவிடும்.

மாசி பிறந்து இரண்டாவது வாரம்
கறுப்பு அட்டையில் ஒரு வெள்ளைக் குடை.
பாடியவள் பெயர் என் வாயில் நுழையவில்லை.
இந்த மாதம் கேட்டவர்கள் நாற்பத்தொரு பேர்
என்று போட்டிருந்தது.
எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் அதைவிடக் கூட்டம்.

தூற்றும் மிஷினை நிறுத்திய பிறகும்
காதில் ஓர் இரைச்சல் மிச்சமிருக்குமே,
அதற்குச் சுருதி சேர்த்தது போல சிந்தசைசர்.
அதன்மேல் அவள் ஒரு வரி, கேள்வி மாதிரி.
பிறகு நிறுத்திவிடுகிறாள்.
நான்கு தாளம் சும்மா போகிறது.
மறுபடி கேட்கிறாள். மறுபடி சும்மா.
மொழி தெரியாது,
ஆனாலும் பதில் வராத கேள்வி
எந்த மொழியிலும் அப்படித்தானே இருக்கும்.
அந்தச் சும்மாவுக்காகவே
மூன்று வாரம் அதைக் கேட்டேன்.
சாக்குக்கு நம்பர் போடும்போதும்
அந்த இடம் வந்தால் பேனா நின்றுவிடும்.

லாரி ஓட்டிவந்த நைனா முகமது
கூத்தாநல்லூர்க்காரர்.
தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய ஹெட்போன்
கழுத்தில் மாலை போலக் கிடந்தது.
"அண்ணே, ஒரே ஒரு பாட்டு" என்று வாங்கிப் போட்டேன்.
என் இயர்போனில் இடது பக்கம்
போன குறுவையிலேயே செத்துவிட்டது என்பதை
நானே மறந்திருந்தேன்.

அவள் கேட்டாள்.
இடது காதில்
ஒருவன் பதில் சொன்னான்.

ஒவ்வொரு சும்மாவிலும் அவன் இருந்தான்.
கரகரத்த குரல், கொஞ்சம் சிரிப்போடு,
மூன்று வாரமாய் என் செத்த காதுக்குள்
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.
நல்ல குரல்தான்.
பாட்டு சரியாக முடிந்தது.
ஹெட்போனைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன்.
"நல்லால்லையா தம்பி?" என்றார் நைனா.
"முழுசா இருக்குண்ணே" என்றேன்.

மறுநாள் தையல்நாயகியக்கா நெல்
பதினேழு புள்ளி நான்கு காட்டியது.
எதற்கும் இருக்கட்டும் என்று
மூட்டையின் அந்தப் பக்கமும் குத்தச் சொன்னேன்.
பதினெட்டு.
அக்கா திட்டிய திட்டில்
ஒரு நிறுத்தம்கூட இல்லை.

புது இயர்போன் வாங்க
திருவாரூர் போகலாம், இருநூறு ரூபாய்தான்.
நாளை போகலாம் என்று நாலு நாளாகச் சொல்கிறேன்.
மூட்டையெல்லாம் லாரியில் போய்விட்டது,
அட்டி இப்போது ஆறு சிப்பம்.
இன்று வியாழன், மணி பன்னிரண்டு ஐந்து.
ஒரு கோடு.
போன் திரையில் சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டிருக்கிறது.
பக்கிரிசாமி அண்ணன் புரண்டு படுத்து
"இன்னிக்கு என்ன வந்துருக்கு?" என்கிறார்.